பத்திர எழுத்தர் மேசையில் லினக்ஸ் மின்ட்

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ். அதை நிறுவியது ஒரு மதியத்தில் முடிந்த வேலை. அதன் பிறகு வாரக்கணக்கில் இழுத்தவை மூன்று: விசைப்பலகை, பழைய கோப்புகள், பிரிண்டர். பழைய மடிக்கணினியை லினக்ஸுக்கு மாற்றுவது பற்றி எழுதுகிறவர்கள் பென் டிரைவ் தயாரிப்பதில் தொடங்கி, முகப்புத் திரை தெரிந்ததும் முடித்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு வேலை அங்கேதான் ஆரம்பித்தது. ஆகவே முன்பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

கணினி என் தாய்மாமாவுடையது. திண்டிவனம் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் எதிரே பத்திர எழுத்தராக இருக்கிறார். 2015இல் வாங்கிய 15.6 அங்குல மடிக்கணினி. ஐந்தாம் தலைமுறை ஐ3-5005யு செயலி, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, இன்டெல் செயலிகளில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துக்கொள்ள வழி உண்டு; அது ஒரு வருடத் தவணை, அவ்வளவுதான். தகுதிச் சோதனையை ஏமாற்றி 11ஐ ஏற்றும் குறுக்குவழிகளும் உண்டு. ஊரார் ஆதார் நகலும் பான் எண்ணும் மூலப் பத்திர ஸ்கேனும் கிடக்கிற கணினியில் குறுக்குவழி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மாப்பிள்ளை, திரையில் எது வேண்டுமானாலும் வரட்டும். என் கை மாறாது." அவர் தமிழ்த் தட்டச்சில் முதுநிலை தேறியவர். இந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு வேலை ஒளிந்திருக்கிறது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

முதலில் வன்பொருள். நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்க உதவும் லைவ் பென் டிரைவில் கணினியைத் தொடங்கி, ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தேன். பழுதாகி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் இருந்தன, எண்ணிக்கை கொஞ்சம்தான். ஆனால் பத்து வயதான டிஸ்கில் அது ஏறுமுகமாகத்தான் இருக்கும். புதிய இயங்குதளத்தை அதன் மேல் எழுதுவதற்குப் பதிலாக 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கினேன், 1,750 ரூபாய். பழைய டிஸ்கை அப்படியே விண்டோஸோடு கழற்றி எடுத்து வைத்தேன். இந்த முழு வேலையிலும் நான் செய்த உருப்படியான முடிவு இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். பத்திரப்பதிவுக்கு டோக்கன் வாங்கியிருக்கும் நாளில் புதியது ஏதாவது முரண்டு பிடித்தால், பழைய டிஸ்கை மாட்டிக் காலை வேலையை முடித்துவிடலாம். உண்மையிலேயே அப்படி மாட்ட வேண்டியும் வந்தது.

ரேமுக்குச் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெரு. பழைய 4 ஜிபி டிடிஆர்3 குச்சி ஒன்று 650 ரூபாய். வீட்டுக்கு வந்து காலி ஸ்லாட்டில் செருகினால் திரை கறுப்பாகவே நின்றது, மின்விசிறி மட்டும் சுற்றியது. குச்சியின் மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தால் 'பிசி3' என்று இருந்தது, வேண்டியது 'பிசி3எல்'. அந்த 'எல்' என்றால் 1.35 வோல்ட்டில் ஓடும் வகை. இல்லாதது 1.5 வோல்ட். ஐந்தாம் தலைமுறை மடிக்கணினிகளுக்கு முதலாவதுதான் சரிப்படும். மறுபடி போய் மாற்றிக்கொண்டேன். கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். பழைய ரேம் வாங்குகிறவர்கள் மாட்டப்போகும் கணினியில் ஏற்கெனவே இருக்கும் குச்சியை உருவிக் கையோடு எடுத்துப் போவது நல்லது. கடையில் வாயால் விளக்குவதைவிட அது வேகம்.

கணினியைத் திறந்தது திறந்ததுதான் என்று கடிகார பேட்டரியையும் மாற்றினேன், சிஆர்2032, 40 ரூபாய். ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போய், இணையதளங்கள் எல்லாம் பாதுகாப்பற்றவை என்று உலாவி மிரட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22.2ஐ, குறைந்த நினைவகத்தில் ஓடும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பாகத் தேர்ந்தேன். உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. சினமன் பதிப்பு பார்க்க அழகு. ஆனால் மாமாவின் கணினியில் எப்போதும் ஃபயர்பாக்ஸில் பதிவுத்துறை இணையதளம், பக்கத்தில் லிப்ரே ஆபீஸ், கூடவே ஆறேழு பிடிஎஃப் திறந்திருக்கும். அழகுக்குச் செலவழிக்க அங்கே நினைவகம் இல்லை. இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, பென் டிரைவில் எழுதி, பிரிக்காமல் ஒரே பகுதியாக முழு எஸ்எஸ்டியையும் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் முடிந்தது. முன்பு கணினியைத் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்வருவார் மாமா. இப்போது அரை நிமிடத்துக்குள் திரை தயார். இதில் லினக்ஸுக்குரிய பங்கு பாதிகூட இராது. பெரும்பகுதி எஸ்எஸ்டியின் புண்ணியம். ஹார்ட் டிஸ்கை மாற்றாமல் இயங்குதளத்தை மட்டும் மாற்றிவிட்டு 'வேகம் வரவில்லையே' என்று அலுத்துக்கொள்வதில் பொருளில்லை.

வைஃபை இரண்டடி தள்ளினால் செத்தது. இந்த ரகச் சில்லில் ஆன்டெனா மாட்ட இரண்டு முனைகள். ஆலையில் ஒன்றில்தான் கம்பி மாட்டியிருக்கிறார்கள், டிரைவரோ மற்றதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. டிரைவரின் அமைப்புக் கோப்பில் இரண்டாம் ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்ததும் சிக்னல் நிமிர்ந்தது. அதுவரை கைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து இணையத்தை ஓட்டினோம்.

இனி விசைப்பலகை.

மின்ட்டில் தமிழ் அடிக்க ஐபஸ் என்ற உள்ளீட்டுப் பொறியும், அதோடு எம்17என் என்ற அட்டவணைத் தொகுப்பும் நிறுவினால் தமிழ்99, ஒலியியல், இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு என எல்லா வரிசைகளும் கிடைக்கின்றன. தமிழ்99 பழகியவர்களுக்கு இங்கேயே கதை முடிந்தது. தட்டச்சு வரிசையைத் தேர்ந்து மாமாவிடம் கொடுத்தேன். தட்டச்சுப் பயிற்சியின் முதல் பாடமான 'யளனக' சரியாக விழுந்தது. முதல் வாக்கியம் முடிவதற்குள் நிறுத்திவிட்டார்.

தட்டச்சுப் பொறியில் புள்ளி ஒரு நகராத விசை. அதை அடித்தால் தாளில் புள்ளி விழும், ஆனால் தாள் இடம்பெயராது. அடுத்து அடிக்கும் 'க' அந்தப் புள்ளியின் கீழே வந்து உட்கார்ந்து 'க்' ஆகும். அதாவது புள்ளி முதலில், எழுத்து பிறகு. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அப்படியே, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முன்னால் அடிக்க வேண்டும். இன்று கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில் நேர்மாறு: 'க' முதலில், அதன் பிறகுதான் புள்ளியோ கொம்போ. மாமா இத்தனை வருடம் வைத்திருந்த மென்பொருள் தட்டச்சுப் பொறியை அப்படியே பின்பற்றியதால் இந்த முரண் அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

எம்17என் அட்டவணைகள் வெறும் உரைக்கோப்புகள் என்பது நல்ல காலம். கூடவே வந்த தட்டச்சு அட்டவணையை மாமாவின் கைக்கு ஏற்பத் திருத்திப் பார்த்தேன். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கலைந்தது. பழையதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதுவதே சுலபமாகப் பட்டது. அமைப்பு எளிது: மேலே வரிசையின் பெயரும் தலைப்பும், நடுவில் விசைப்பட்டியல், கடைசியில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்து என்று சொல்லும் ஒரு வரி. பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஓர் அடைப்புக்குறி. உள்ளே இரண்டு மேற்கோள்கள். முதல் மேற்கோளில் அழுத்தும் விசைகள், இரண்டாவதில் வரவேண்டிய எழுத்து. முதல் மேற்கோளில் ஒன்றுக்கு மேற்பட்ட விசைகளைத் தொடராகத் தரலாம் என்பதுதான் கதவைத் திறந்தது. புள்ளி விசையும் 'க' விசையும் சேர்ந்து வந்தால் 'க்' எழுது. கொம்பும் 'க'வும் காலும் வந்தால் 'கொ' எழுது.

உயிர்மெய்க்கு அடிப்படையான பதினெட்டோடு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ சேர்த்து 23. ஒவ்வொன்றுக்கும் புள்ளி, கெ, கே, கை, கொ, கோ, கௌ என ஏழு வரிகள். மொத்தம் 161. இதைக் கையால் அடிக்கிற பொறுமை எனக்கு இல்லை. லிப்ரே ஆபீஸின் விரிதாளான கால்க்கில் ஒரு நெடுவரிசையில் எழுத்துகளையும் அடுத்ததில் விசைகளையும் போட்டு, சூத்திரத்தால் வரிகளை ஒட்டவைத்து, அப்படியே உரைக்கோப்புக்கு நகலெடுத்தேன். கோப்பை மாமாவின் ஹோம் கோப்புறையில் '.எம்17என்.டி' என்ற மறைந்த கோப்புறைக்குள் வைத்து ஐபஸ்ஸை மறுதொடக்கம் செய்தால் புதிய வரிசை பட்டியலில் தெரிய வேண்டும். தெரியவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. மேற்கோள் குறியே ஒரு விசையாக வரும் வரியில் அதற்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு இட வேண்டும். இடாவிட்டால் மொத்தக் கோப்பையும் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடுகிறது. பட்டியலைப் பாதி பாதியாக வெட்டிப் பார்த்துத்தான் அந்த வரியைப் பிடித்தேன்.

வரிசை வந்தது. மாமா ஒரு கிரயப் பத்திரம் அடிக்க உட்கார்ந்தார். கொம்பை அடித்ததும் எழுத்தின் கீழே ஒரு கோடு தோன்றி, அடுத்த விசை வந்ததும் மறையும். 'இன்னும் முடிவாகவில்லை' என்பதற்கான அடையாளம் அது. அதைப் பிழை என்று நினைத்து ஒவ்வொரு முறையும் நிறுத்தினார். பழகிவிட்டது. பழகாத ஒன்று இரண்டாம் பத்தியில் வந்தது. 'தெளிவாக' என்று அடித்திருக்கிறார், திரையில் 'தௌிவாக' என்று நிற்கிறது. பத்திரத்தில் இந்தச் சொல் வராத பக்கம் குறைவு.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒருவகையில் ரசிக்கவும் செய்தேன். தட்டச்சில் ஔகாரக் குறிக்கென்று தனி விசை கிடையாது, 'ள'வையே அடிப்பார்கள். நானும் அப்படியே கொம்பு, த, ள வந்தால் 'தௌ' என்று விதி எழுதியிருந்தேன். தாளில் 'கௌரவம்' என்பதன் கௌவும் 'கெளிறு' மீனின் கெளவும் ஒரே வடிவம், படிக்கிறவர் புரிந்துகொள்வார். கணினிக்கு அந்தச் சலுகை இல்லை. ஔகார விதிகள் 23ஐயும் நீக்கினேன், மீதி 138. பயன்படாமல் கிடந்த ஒரு விசையை ஔகாரக் குறிக்குக் கொடுத்து, எழுத்துக்குப் பின் அடிக்கும்படி வைத்தேன். கௌசல்யா, சௌந்தரராஜன், மௌலி என்று பெயர் வரும்போது மட்டும் கை சற்றுத் தயங்க வேண்டும். "பெயரில்தானே, அது எப்படியும் ஆதாரைப் பார்த்து நிதானமாக அடிப்பதுதான்" என்று மாமா ஒப்புக்கொண்டார். என் வாழ்நாளில் கிடைத்த பெரிய சலுகைகளில் ஒன்று.

பழைய கோப்புகள் அடுத்த முடிச்சு. பத்து வருடப் பத்திரங்கள், எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில். அவர் விலைகொடுத்து வாங்கிய மென்பொருளோடு வந்த எழுத்துருவை '.லோக்கல்' கோப்புறைக்குள் எழுத்துருக்கள் இருக்கும் இடத்தில் வைத்ததும், லிப்ரே ஆபீஸில் கோப்புகள் சரியாகத் தெரிந்தன. பார்க்கவும் நகல் அச்சிடவும் இது போதும். எல்லாவற்றையும் மாற்ற ஆசைப்பட வேண்டாம். அடிக்கடி எடுத்துத் திருத்தும் மாதிரிகளை மட்டும் மாற்றுவது என்று முடிவுசெய்தோம். கிரயம், தான செட்டில்மெண்ட், விடுதலை, பாகப்பிரிவினை, அடமானம், பொது அதிகாரம், வாடகை ஒப்பந்தம்.

ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல்மொழி நூலகத்தில் பாமினி, டாப், டாம், டிஸ்கி உள்ளிட்ட 25 குறியாக்கங்களை யூனிகோடுக்கு மாற்றும் பகுதி ஒன்று இருக்கிறது. மாமாவின் குறியாக்கமும் அதில் இருந்தது. லிப்ரே ஆபீஸைக் கட்டளை வரியிலிருந்து இயக்கிப் பழைய டாக் கோப்புகளை டாக்எக்ஸ் ஆக்கி, பத்தி பத்தியாக மாற்றியில் கொடுத்தேன். தமிழ் அருமையாக வந்தது. மாமா சொத்து விவரத்தைத்தான் முதலில் படித்தார், தொழில் பழக்கம். புல எண்ணின் உட்பிரிவாக ஆங்கில எழுத்தில் இருந்த 'ஏ' ஒரு தமிழ் எழுத்தாக மாறியிருந்தது. பான் எண்ணும் அப்படியே குழம்பியிருந்தது.

பழைய குறியாக்கத்தில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் குடியிருக்கின்றன. எழுத்துருவைப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும். நான் எழுத்துருவைப் பார்க்காமல் பத்தி முழுவதையும் மாற்றியிருந்தேன். புல எண் தவறினால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்குக் கிரயம் கொடுத்தவரை மறுபடி தேடிப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். ஆகவே பத்திக்குப் பதிலாக, ஒரே எழுத்துருவில் ஓடும் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டின் எழுத்துரு பெயர் தமிழ் எழுத்துருவாக இருந்தால் மட்டும் மாற்றும்படி நிரலைத் திருத்தினேன். சில துண்டுகளில் எழுத்துருப் பெயரே இருக்காது. பத்தியின் பாணியிலிருந்து பெற்றுக்கொள்ளும். அவற்றை மஞ்சள் நிறமிட்டு விட்டுவைத்து, மாமா கண்ணால் பார்த்துச் சரிசெய்தார். மாதிரிகளில் மட்டும் இது போதும். சொத்து விவரத்தை இன்றுவரை பழைய கோப்பிலிருந்து நகலெடுப்பதில்லை, புதிதாகவே அடிக்கிறார். அதுவே சரி.

பிரிண்டர் விஷயம் அரைகுறை வெற்றி. ஊர் ஜெராக்ஸ் கடைகளில் எங்கு திரும்பினாலும் தெரியும் சிறிய லேசர் பிரிண்டர்தான். தயாரித்தவர்கள் தந்த லினக்ஸ் டிரைவர் மிகப் பழையது, அதை ஓட்டவைக்கும் முயற்சியில் ஒரு நாள் போனது. அந்தக் காலையில்தான் பழைய டிஸ்க் மறுபடி கணினிக்குள் போனது. பிறகு தன்னார்வலர்கள் எழுதிய திறமூல டிரைவரை மூலநிரலிலிருந்து தொகுத்து ஏற்றினேன். அச்சாகிறது. நீண்ட நேரம் சும்மா இருந்தபின் முதல் தாளில் சில சமயம் நின்றுவிடும்; பிரிண்டரை அணைத்துப் போட்டால் தொடரும்.

முத்திரைத்தாள் என்பதால் ஓரம் பிசகக் கூடாது. பத்து ரூபாய்த் தாள் வீணானால் போகட்டும், ஐயாயிரம் ரூபாய்த் தாள் என்றால் யார் பதில் சொல்வது? முத்திரைத்தாளை ஸ்கேல் வைத்து அளந்து அந்த நீள அகலத்தையே பக்க அளவாகக் கொடுத்தோம். முதல் பக்கத்தில் முத்திரை முடியும் இடம்வரை மேல் ஓரம். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை நீக்கினேன். அது இருந்தால் எழுத்துகளைச் சற்றே சுருக்கி, ஓரங்களையும் நகர்த்திவிடுகிறது. வெள்ளைத்தாளை அதே அளவுக்கு வெட்டி அச்சிட்டு, முத்திரைத்தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். இரண்டு மில்லிமீட்டர் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. இடது ஓரத்தில் அதைக் கழித்ததும் சரியானது.

செலவு: எஸ்எஸ்டி 1,750, ரேம் 650, பழைய டிஸ்கை வெளியிலிருந்து படிக்க ஒரு யுஎஸ்பி உறை 400, கடிகார பேட்டரி 40. ஆக 2,840 ரூபாய். உறை வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: விண்டோஸில் வேகத் தொடக்கம் என்ற வசதியை நிறுத்தி, முழுமையாக அணைத்த பிறகு டிஸ்கைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் அது பாதி உறக்கத்தில் இருப்பதாக நினைத்து, லினக்ஸ் அதில் எழுத மறுக்கும்.

இன்னொரு கணினியில் இதைச் செய்ய நேர்ந்தால் வரிசையைத் தலைகீழாக்குவேன். திருப்புளியைத் தொடும் முன், லைவ் பென் டிரைவிலேயே விசைப்பலகையை ஏற்றி, யாருடைய கணினியோ அவரை உட்காரவைத்து ஒரு முழுப் பக்கம் அடிக்கச் சொல்வேன். பிரிண்டரையும் அப்போதே பார்த்துவிடுவேன். அது ஒத்துவராது என்று தெரிந்தால், லினக்ஸ் நன்றாகப் புரிந்துகொள்ளும் பிரிண்டரின் விலையையும் செலவுக் கணக்கில் சேர்த்து, மாமாவிடம் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இப்போது மாமாவின் உதவியாளர் தன் கணினிக்கும் அதே விசைப்பட்டியலைக் கேட்கிறார். கொடுத்தேன், அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் பழகியது கணினியில். புள்ளியை எழுத்துக்குப் பின்னால்தான் அடிப்பாராம். கால்க்கில் நெடுவரிசையை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.